பேராசிரியர் என்றால் எதில் பேராசிரியர்? அதையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் 22 வருடமாகப் போட்டோ கொப்பி, பைண்டிங் கடை நடத்துகிறேன். உங்கள் பத்திரிகை காலையிலேயே கடைக்கு வந்துவிடும், மெஷின் சூடாகுமுன் முன்பக்கமும் நடுப்பக்கமும் வாசித்து முடித்துவிடுவேன். போன கிழமை ஒரே நாள் இதழில் மூன்று இடத்தில் 'பேராசிரியர்' என்று பார்த்தேன். ஒருவர் விலைவாசி பற்றிச் சொல்லியிருந்தார், ஒருவர் பாடத்திட்ட மாற்றம் பற்றி, மூன்றாமவர் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் பற்றி. பெயர் இருந்தது, படமும் இருந்தது. எந்தத் துறைப் பேராசிரியர், எதை ஆராய்ந்தவர், பிள்ளைகளுக்கு எதைப் படிப்பிக்கிறவர் என்று மூன்று பேரில் ஒருவருக்குக்கூட ஒரு சொல் இல்லை.

அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்த அண்ணர் ஒருவர் தண்ணீர்ச் செய்தியைக் கவுண்டரில் வைத்தே வாசித்தார். யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் அவருடைய தங்கச்சி குடும்பம் இருக்கிறது, வீட்டுக் கிணற்றில்தான் குடிக்கிறார்கள், கைக்குழந்தையும் இருக்கிறது. கொதிக்க வைத்துக் குடித்தால் பயப்படத் தேவையில்லை என்று செய்தியில் இருந்தது. "பேராசிரியரே சொல்லிப்போட்டார், பிறகென்ன" என்றார். "எதில பேராசிரியர் அண்ணை?" என்று கேட்டேன். இரண்டு பேரும் திரும்பத் தேடிப் பார்த்தோம், இல்லை.

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நுண்ணுயிரியல் படித்தவர் அப்படிச் சொன்னால் அது சரியான பேச்சு. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற நீர், மேலே தோட்டத்துக்குப் போடும் உரமும் மலக்குழிக் கழிவும் லேசாகக் கீழே இறங்கிவிடும், அதனால் பல இடங்களில் கிணறுகளில் நைத்திரேற்று என்ற உப்புக் கூடி இருப்பதாகப் பல வருடமாக ஆய்வுகள் சொல்கின்றன. நைத்திரேற்று கொதித்துப் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைய, மிஞ்சுகிற நீரில் அது இன்னும் செறிவாகும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதற்கு மேலே போனால் முதலில் ஆபத்து போத்தல் பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான். அப்படியென்றால் அந்தப் பேராசிரியர் பிழையாகச் சொன்னாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரிடம் கிருமி பற்றிக் கேட்டிருப்பார்கள், கிருமி பற்றிச் சொல்லியிருப்பார். துறையின் பெயர் இல்லாததால் அது எல்லாத் தண்ணீருக்கும் எல்லா ஆபத்துக்குமான விடை மாதிரி அச்சாகிவிட்டது.

இந்த நைத்திரேற்றுக் கதையெல்லாம் ஒரு பைண்டிங் கடைக்காரிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், கடையில் படித்ததுதான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பஸ் பிள்ளைகள். ஆய்வுக் கட்டுரை, எம்.பில்., கலாநிதிப் பட்டத்துக்கான தீசிஸ் எல்லாம் வரும். கறுப்பு அட்டை, முதுகில் தங்க எழுத்து. பக்க ஒழுங்கு சரியா என்று பார்க்காமல் நான் ஒரு தாள் கட்டையும் ஓரம் வெட்டுவதில்லை, அதனால் தலைப்பும் நன்றியுரையும் சுருக்கமும் கண்ணில் படாமல் போகாது. தலைப்புகள் எவ்வளவு ஒடுக்கமானவை என்று நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு ஆற்றின் ஒரு பகுதியில் ஈயம் எவ்வளவு. ஒரு மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். இப்படி ஒரு சின்ன இடத்தை ஒருவர் மூன்று வருடம், ஐந்து வருடம் தோண்டுகிறார். பேராசிரியர் என்பவர் அதே இடத்தையோ அதன் பக்கத்து இடத்தையோ இருபது முப்பது வருடம் தோண்டியவர். அவருடைய பலம் அந்த ஆழம்தான். அதை மறைத்துவிட்டு வெறும் பட்டத்தைப் போட்டால் அவருக்கும் நியாயமில்லை, வாசிக்கிற எங்களுக்கும் நியாயமில்லை.

பட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சனத்துக்கு இது பெரிய குழப்பம். கலாநிதி என்பது படித்து, ஆய்வு செய்து, வாய்மொழிப் பரீட்சையில் நின்று எடுக்கும் பட்டம். பேராசிரியர் என்பது பதவி. எங்கள் பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, சிரேஷ்ட விரிவுரையாளராகி, அதிலும் இரண்டு தரம் தாண்டி, அப்புறம்தான் பேராசிரியர், அதற்கு மேலே சிரேஷ்ட பேராசிரியர். ஓய்வு பெற்ற பிறகு சிலருக்குத் தகைசார் பேராசிரியர் என்று கௌரவம் கொடுப்பார்கள். வருகைதரு விரிவுரையாளர் என்பவர் ஒரு பாடத்தை எடுக்க வெளியே இருந்து வருகிறவர். தமிழ்நாட்டில் கல்லூரியில் புதிதாகச் சேர்கிறவரே உதவிப் பேராசிரியர்தான், அங்கே இருந்து கூட்டத்துக்கு வருகிறவரை இங்கே பேராசிரியர் என்று சுருக்கிப் போட்டால் வாசிக்கிறவர் எங்கள் கணக்கில் முப்பது வருட அனுபவம் என்று நினைத்துக்கொள்வார். கௌரவ கலாநிதிப் பட்டத்தை யாரோ ஒரு அமைப்பு மண்டபம் எடுத்துக் கொடுத்ததையும், ஏழு வருடம் ஆய்வு செய்து எடுத்ததையும் ஒரே சொல்லால் எழுதுவது எனக்குப் பெரிய மனவருத்தம். இரண்டாவது வகைப் பிள்ளைகள் தூக்கமில்லாத கண்ணோடு என் கடை வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கிறவர்களின் கோவைகளும் என்னிடம் பைண்டிங்குக்கு வந்திருக்கின்றன. யாருடையது என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன், ஆனால் அதன் உள்ளமைப்பு எனக்கு மனப்பாடம். படிப்பித்தது ஒரு பகுதி: எந்தப் பாடங்கள், எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகளின் ஆய்வுக்கு வழிகாட்டியது, மாணவர்கள் எழுதிய மதிப்பீட்டுத் தாள்கள். ஆய்வு ஒரு பகுதி, சஞ்சிகைக் கட்டுரை, நூல், மாநாட்டுக் கட்டுரை என்று மொத்தக் கோவையில் தடிப்பான பகுதி அதுதான். மற்றது பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் செய்த சேவை. இந்தக் கோவையை அதே துறையில் இருக்கும் வெளி மதிப்பீட்டாளர்கள் வாசித்துப் புள்ளி போட வேண்டும். அதே துறை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் பேராசிரியர் ஆவதே ஒரு பாடத்தில்தான், இரசாயனவியல் பேராசிரியர், புவியியல் பேராசிரியர், சமூகவியல் பேராசிரியர் என்று. அந்த முன்சொல்லைப் பல்கலைக்கழகம் நீக்குவதில்லை. செய்தியில்தான் அது காணாமல் போகிறது.

2021ஆம் ஆண்டு மே மாதம் ஞாபகம் இருக்கும். எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பிடித்தது, அதில் 1486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம். ஜூன் 2ஆம் திகதி தாழத் தொடங்கியது. கொரோனாப் பயணத்தடைக் காலம், கடை பூட்டு, வீட்டில் நாங்கள் நாலு பேரும் நாள் முழுக்கத் தொலைக்காட்சியும் போனும்தான். கரையில் பனி கொட்டியது போல வெள்ளைப் பிளாஸ்டிக் குருணி, செத்த ஆமைகள். மீன் சாப்பிடலாமா கூடாதா என்பதுதான் எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் இருந்த கேள்வி. ஒரு அலைவரிசையில் ஒரு பேராசிரியர் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். அடுத்த நாள் வேறொன்றில் வேறொரு பேராசிரியர் கொஞ்ச நாளைக்குத் தொடாதீர்கள் என்றார். இரண்டு பேருக்கும் திரையில் கீழே ஓடியது பெயரும் பேராசிரியர் என்ற சொல்லும் மட்டும். என் மாமியார் அன்றைக்கு ஒரு முடிவெடுத்தார், படித்தவங்களுக்கும் ஒண்டும் தெரியாது என்று. அவர் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்.

ஆனால் உண்மை வேறு. அமிலம் கடல் நீரில் கலந்தால் என்ன ஆகும் என்பது கடல் இரசாயனம் தெரிந்தவரின் கேள்வி. குருணி எந்தக் கரைக்கு, எந்த மாதத்தில் போய் ஒதுங்கும் என்றால் நீரோட்டம் படித்தவரிடம் போக வேண்டும். ஆமை எதனால் செத்தது என்பதை வெட்டிப் பார்த்துச் சொல்ல மிருக வைத்தியர் வேண்டும், மீனின் தசையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்ல உணவு நஞ்சியல் தெரிந்த ஆய்வுகூடக்காரர், மீனவருக்கு எவ்வளவு நட்டம் என்பதற்குப் பொருளியல்காரர், அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்பதற்குச் சட்டம் படித்தவர். இத்தனை பேரும் இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். ஆளாளுக்கு வேறு கேள்வி. அதையெல்லாம் ஒரே சொல்லுக்குள் அடக்கினால் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிப்பது மாதிரித்தான் தெரியும்.

அதே வருடம் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள். ஏப்ரலில் அறிவித்தது, நவம்பரில் கைவிட வேண்டி வந்தது. மண்ணையும் பயிரையும் வாழ்க்கை முழுக்க ஆராய்ந்த விவசாய பீடத்தவர்கள் ஆரம்பத்திலேயே எச்சரித்தார்கள், ஒரே போகத்தில் இப்படி மாற முடியாது, விளைச்சல் விழும் என்று. மண்ணுக்கும் பயிருக்கும் சம்பந்தமில்லாத பட்டம் வைத்திருந்த பலரும் மறுபக்கத்தில் நின்று உரத்துப் பேசினார்கள். இரண்டு பக்கத்தவர் பெயருக்கு முன்னாலும் பட்டம் இருந்தால் சாதாரண சனம் எதை வைத்துப் பிரித்துப் பார்க்கும்? அந்த நெல் விளைச்சல் விழுந்த கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அரிசி விலையில் எல்லாரும் பார்த்தோம். வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயும் இப்படித்தான். தொண்ணூறுகளில் இருந்து பேசப்படுகிறது, சிறுநீரக வைத்தியர் ஒன்றைப் பார்க்கிறார், நிலத்தடி நீரில் புளோரைட்டும் கடினத்தன்மையும் அளக்கிறவர் இன்னொன்றை, பூச்சிநாசினி ஆராய்கிறவர் வேறொன்றை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருக்கிறது. யார் கையில் எந்தத் துண்டு என்று தெரிந்தால்தான் வாசிக்கிறவனுக்குப் படம் தெரியும்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அந்தக் கப்பல் பார்த்ததில் இருந்து என் மகனுக்குக் கடல் பைத்தியம். உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியும் பரவாயில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை வைத்துக்கொண்டு எந்தப் பாடநெறியை முதலில் போடுவது என்று பத்து நாள் உட்கார்ந்திருந்தோம். ருகுணையில் கடற்றொழில், கடல் விஞ்ஞானத்துக்கென்று தனி பீடமே இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் கடற்றொழில் துறை இருக்கிறது, இது கையேட்டிலேயே தெரியும். அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: பிளாஸ்டிக் கடலில் என்ன செய்கிறது என்பதை யார் ஆராய்கிறார்கள், யாரிடம் போய்ப் படிக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்துக்குப் போனோம். தமிழ் என்ற பொத்தானை அழுத்தினால் தலைப்பு மட்டும் தமிழாகும், மற்றதெல்லாம் ஆங்கிலம். ஆளணிப் பட்டியலில் பலருக்கு ஆய்வுத்துறை என்ற இடம் வெறுமையாக இருந்தது. வெளிநாடு போய் இரண்டு வருடம் ஆன ஒருவர் இன்னும் படத்தோடு இருந்தார், அவர் போனது எனக்கே தெரியும், போகுமுன் சான்றிதழ்களைக் கொப்பி எடுத்தது என்னிடம்தான். போன் பண்ணினேன். "வெப்சைட்டில இருக்கு, பாருங்க" என்றார்கள். பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன் என்று சொல்லி முடிக்குமுன் வைத்துவிட்டார்கள். கடைசியில் உதவியது கடைக்கு வந்த ஒரு பிள்ளை. "அன்ரி, எங்கட மிஸ்ஸிட்ட கேளுங்கோ, அவ கண்டல்தான் செய்யிறா, ஆனா பிளாஸ்டிக் ஆர் செய்யினம் எண்டு அவவுக்குத் தெரியும்" என்றாள்.

அந்தப் பிள்ளை மன்னார்ப் பக்கம். கண்டல் காட்டில், அதாவது கடலோரச் சேற்று நிலக் காட்டில், நண்டு எண்ணிய ஆய்வு அவளுடையது. அவளுடைய தாள் மூன்று தடவை என் மேசைக்கு வந்தது, ஒவ்வொரு தடவையும் அந்த விரிவுரையாளர் பென்சிலால் திருத்திய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பாள். நானும் எட்டிப் பார்ப்பேன். சிவப்புப் பேனை கிடையாது, மெல்லிய பென்சில், சின்ன எழுத்து. ஓரத்தில் "யார் எண்ணியது?" என்று இருக்கும். "வற்றா பெருக்கா?" என்று இருக்கும், கடல் நீர் இறங்கிய நேரமா ஏறிய நேரமா என்று. ஒரு அட்டவணையின் கீழே எழுதியிருந்தது எனக்கு அப்படியே ஞாபகம்: "இது பெப்ரவரிக்கு மட்டும். மாரிக்குச் சொல்லாதே." அவள் முதலில் எழுதியிருந்தது மன்னார்க் கண்டலில் இவ்வளவு நண்டு என்று. மூன்றாம் பிரதியில் அது இன்ன இடத்தில், பெப்ரவரியில், வற்று நேரத்தில், இத்தனை சதுர மீற்றரில் என்று மாறியிருந்தது.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்த நாளில்தான் ஒரு ஆய்வாளர் என்றால் என்ன, படிப்பித்தல் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. தனக்குத் தெரிந்தது எந்த மாதம் வரைக்கும் செல்லும் என்று தெரிந்து வைத்திருப்பதும், அதை ஒரு பிள்ளைக்குக் கோபப்படாமல் மூன்று தடவை சொல்லிக்கொடுப்பதும். அந்த மிஸ் பேராசிரியர்கூட இல்லை, சிரேஷ்ட விரிவுரையாளர். தொலைக்காட்சியில் வந்ததே இல்லை. மன்னார்க் கண்டல் பற்றி நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் உங்கள் நிருபர் யாருக்குப் போன் எடுப்பார்? அனேகமாக ஏற்கனவே போனில் நம்பர் இருக்கிற ஒரு பேராசிரியருக்கு. நிருபர்மார் மேல் குறை சொல்லவில்லை, மாலை ஆறு மணிக்குச் செய்தி முடிக்க வேண்டும் என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் எதில் என்ற கேள்வியைக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டால் நம்பரும் மாறும். "இது என் துறை இல்லை, இன்னாரைக் கேளுங்கள்" என்று பேராசிரியர்களே சொல்வார்கள், நல்லவர்கள் இப்போதும் சொல்கிறார்கள். அந்த மிஸ் என் மகனுக்கு இரண்டு நாளில் தமிழில் பதில் போட்டார், இருபது நிமிடம் போனில் பேசினார், முதல் வசனமே "பிளாஸ்டிக் எனக்குத் தெரியாது தம்பி, தெரிந்த இரண்டு பேரைச் சொல்கிறேன்" என்பதுதான்.

எங்கள் பழைய தலைமுறைக்கு இந்தக் கேள்வியே தேவைப்படவில்லை, பெயரோடு துறையும் ஒட்டியே வந்தது. எலியேசர் என்றால் கணிதம், கேம்பிரிட்ஜில் பௌதிக மேதை டிராக்கின் கீழ் ஆய்வு செய்தவர் என்று கடைக்காரருக்கும் தெரியும் என்பார் அப்பா. வித்தியானந்தன் என்றால் தமிழும் கூத்தும், கைலாசபதி என்றால் பழந்தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்கத்தோடு வைத்துப் பார்த்தவர், சிவத்தம்பி என்றால் பண்டைய நாடகத்தில் தொடங்கியவர். இவர்கள் தங்கள் துறைக்கு வெளியேயும் நிறையப் பேசினார்கள், பேசியதும் எங்களுக்கு நல்லது. ஆனால் எங்கே நின்றுகொண்டு பேசுகிறார் என்று கேட்பவருக்குத் தெரிந்தது. விபுலாநந்த அடிகளைப் பாருங்கள். விஞ்ஞானம் படித்து விஞ்ஞானம் படிப்பித்தவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. துறை தாண்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் தாண்டினார், ஆனால் நடந்தே தாண்டினார். பழைய யாழின் சுருதியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க எத்தனை வருடம் இருந்திருக்கிறார், யாழ்நூல் 1947இல்தான் அரங்கேறியது, அதே வருடம் காலமானார். ஒரு துறையில் இருந்து இன்னொன்றுக்குப் போக அவ்வளவு உழைப்பு வேண்டும். ஒரு மைக்கை நீட்டுவதால் அது நடக்காது.

பேராசிரியர் ஒரு குடிமகனும்தானே, விலைவாசி பற்றிப் பேசக்கூடாதா என்று ஒரு நண்பி கேட்டாள். தாராளமாகப் பேசட்டும். நானும்தான் பேசுகிறேன். அப்போது தாவரவியல் பேராசிரியர் என்று போடுங்கள், வாசிக்கிறவர் அவர் சொல்வதை ஒரு படித்த மனிதரின் கருத்தாக எடுத்துக்கொள்வார், போதும்.

சிலர் சொல்வார்கள், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலரில் பெயரை அடித்தால் எல்லாம் வரும், வாசகர் தானே தேடலாம் என்று. நான் தேடிப் பார்த்திருக்கிறேன், மகன் பழக்கித் தந்தான். வருவதெல்லாம் ஆங்கிலம். தமிழில் எழுதுகிற, தமிழியல், வரலாறு, நாட்டார் வழக்காறு ஆராய்கிற பேராசிரியர்களின் முக்கால்வாசி வேலை அதில் கண்ணுக்கே தெரியாது, அவர்களுடையதைத் தேட நூலகம் இணையத்தளத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் இங்கே 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு நடந்து போக வேண்டும். இன்னொரு பக்கம் காசு கட்டினால் ஒரு கிழமையில் போட்டுத் தருகிற சஞ்சிகைகளும் அதே கூகுளில் வரிசையாக வரும். எது எது என்று பிரிக்க எனக்குத் தெரியாது, கோண்டாவில் தங்கச்சிக்கும் தெரியாது. அதைப் பிரித்துச் சொல்லத்தான் பத்திரிகை.

ஆகவே கேட்பது இதுதான். பெயருக்குப் பக்கத்தில் துறையையும் பல்கலைக்கழகத்தையும் போடுங்கள்: கடல்சார் இரசாயனவியல் பேராசிரியர், இன்ன பல்கலைக்கழகம். இடம் இருந்தால் அடுத்த வசனத்திலேயே, இவர் பத்து வருடமாக மேற்குக் கரையோர நீரை ஆராய்கிறவர் என்று ஒரு சிறு குறிப்பு. ஓய்வு பெற்றவர் என்றால் ஓய்வு பெற்றவர் என்று, வருகைதரு விரிவுரையாளர் என்றால் அப்படியே. ஞாயிறு இதழில் சினிமாவுக்கு நாலு பக்கம் போகிறது, அதில் அரைப் பக்கம் எடுத்து, கிழமைக்கு ஒரு ஆய்வாளர் என்ன செய்கிறார், எதைப் படிப்பிக்கிறார் என்று அவர் வாயாலேயே எளிய தமிழில் போட்டால் உயர்தரம் முடித்த பிள்ளைகள் வெட்டி வைத்துக்கொள்வார்கள். பேராசிரியர்களை மட்டும் தேடாமல் அந்தப் பென்சில் மிஸ் மாதிரியானவர்களையும் தேடுங்கள். பல்கலைக்கழகங்களும் தங்கள் தமிழ்ப் பக்கத்தை நிரப்பட்டும், அதை அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

அந்த அண்ணர் இன்று காலையும் வந்தார். தண்ணீர்ச் செய்தியை வெட்டி வைத்திருந்தார், தங்கச்சிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறாராம், நைத்திரேற்று பற்றி நான் சொன்னதால் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். "பேப்பர்காரரிட்ட எதில பேராசிரியர் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ தங்கச்சி, அதையும் கீழ எழுதி அனுப்பிறன்" என்றார். செய்தி வந்தது போன புதன்கிழமை, ஏழாம் பக்கம், வலப்பக்கம் கீழே. தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.